ஜாடிக்குள் பாடிய புது ஆள்

முழங்கால் வலி, சர்க்கரை மாத்திரை என்று பேசிப் பேசிச் சலித்துப்போன என் வயதுக்காரர்களே, இன்று ஒரு மாறுதலுக்குப் பாட்டைப் பற்றிப் பேசலாம். அதுவும் இங்கிலீஷ் பாட்டு. விருத்தாசலத்திலேயே பிறந்து விருத்தாசலத்திலேயே வாக்கப்பட்டவளுக்கு இங்கிலீஷ் பாட்டைப் பற்றி என்ன தெரியும் என்று சிரிக்காதீர்கள். நீங்களெல்லாம் ரேடியோவில் நேயர் விருப்பம் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் நான் ராக் குழுவுக்கு நடந்த பஞ்சாயத்தைக் கேட்டு வளர்ந்தவள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகனும் அவனுடைய சிநேகிதர்களும் முன்னறையில் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தார்கள். நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது கொடிகட்டிப் பறந்த ஒரு வெளிநாட்டுக் குழு. அதற்கு எது நல்ல காலம், எது மட்டமான காலம் என்பதுதான் வழக்கு.

"மொத பாட்டுக்காரன் இருந்த வரைக்கும்தான்டா அது பேண்டு."

"போடா, ரெண்டாவது ஆளு வந்தப்பறம்தான்டா அதுக்கு உசுரே வந்துச்சு."

நான் தோசை மாவுக் கையோடு அப்படியே நின்றுவிட்டேன். இதே வழக்கு, இதே வீட்டில், இதே முன்னறையில் நாற்பது வருடத்துக்கு முன்பே நடந்து தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. தீர்ப்புச் சொன்னவர்களில் ஒருவர், என் அப்பா, பின்னறையில் சாய்வு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார்.

அப்பா அப்போது ஒரு செராமிக் கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். ப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை என்று எல்லாம் வேகும். அப்பாவின் சட்டை, மீசை, செருப்பு எல்லாவற்றிலும் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். உடைந்த ப்யூஸ் கட்டையும் மூக்கில்லாத பொம்மையும்தான் எனக்கு விளையாட்டுச் சாமான்.

ஞாயிறு மத்தியானம் கறிச்சாப்பாடு முடிந்ததும் அப்பாவின் கூட்டாளிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் காலேஜில் பாடம் எடுத்தவர். எனக்கு லெக்சரர் மாமா. புதுச்சேரி ஹாஸ்டலில் படித்தபோது இந்தக் குழுவின் கேசட்டுகளை அங்கேயே பதிவு செய்துகொண்டு வந்து, அப்பாவுக்கு இந்த வியாதியைத் தொற்றவைத்தவர் அவர்தான். இன்னொருவர் ஜங்ஷன் ரோட்டில் ரெக்கார்டிங் கடை வைத்திருந்த அண்ணன். மூன்றாவது ஆள் வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருகிற துபாய் மாமா. மங்கலம்பேட்டைக்காரர். அப்பாவும் அவரும் ஒன்றாகப் படித்தவர்கள், ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பாட்டின் வார்த்தை இவர்களில் ஒருவருக்கும் முழுதாக விளங்கியதில்லை. அதனால் சண்டைக்கு ஒன்றும் குறைவில்லை. குழுவில் முதலில் பாடியவருக்குப் பழைய ஆள் என்று பெயர். அவர் கோபித்துக்கொண்டு விலகியபின் வந்தவர் புது ஆள். புது ஆள் வந்துவிட்டார் என்று பேப்பரில் படித்திருந்தார்களே தவிர, அவர் குரலை துபாய் மாமாவைத் தவிர யாரும் கேட்டதில்லை.

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டரின் ஸ்பீக்கரை அப்பா தனியாகக் கழற்றி, கழித்துப்போட்ட ஒரு பெரிய ஊறுகாய் ஜாடியின் வாயில் கவிழ்த்து வைத்திருந்தார். மற்ற ஊர்களில் மண்பானை வைப்பார்கள். செராமிக் ஊரில் ஜாடி. "பேஸ் எப்பிடி இறங்குது பாரு" என்று வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஜாடியைத் தட்டிக் காட்டுவார். டிரம் சத்தம் வந்தால் சுவரில் மாட்டிய காலண்டர் ஆடும். எனக்கு அந்த ஜாடிக்குள் ஆள் இருக்கிறார் என்றே ஒரு நம்பிக்கை.

அந்த வருடம் துபாய் மாமா ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் முன்பாக வந்தார். ஜங்ஷனில் ரயிலிறங்கி, ஊருக்குப் பஸ் ஏறுவதற்கு முன்பே ரெக்கார்டிங் கடைக்குப் போய்ப் புது ஆளின் ஒரிஜினல் கேசட்டைக் கொடுத்துவிட்டார். "ஆளுக்கு ஒண்ணு போட்டு வை. எல்லாரும் ஒண்ணாக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூலிங் கிளாஸ், தங்க வாட்ச், தெருமுனையிலேயே வந்துவிடுகிற சென்ட் வாசனை. எனக்குக் காந்த மூடி போட்ட பென்சில் டப்பா. அவர் சிரித்தால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

ஆனால் அந்தக் கேசட்டைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவர் குரல் இறங்கிவிட்டது.

"ரூம்ல மேல ஒருத்தன் கீழ ஒருத்தன் படுத்திருப்பம் மாப்ள. காதுல ஒயர மாட்டிக்கிட்டு இதப் போட்டா, ஓடுற ரயிலு மாதிரி இருக்கும். ஊருக்குப் போற ரயிலு. விடியறதுக்குள்ள ஜங்ஷனுக்கே வந்துட்ட மாதிரி இருக்கும். உங்கிட்ட இதப் போட்டுக் காட்டணும்னுதான் ஒரு வருசமா நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பா அவர் தோளில் கைபோட்டுக்கொண்டார். அந்தக் காட்சியை நான் இப்போதும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ரெக்கார்டிங் கடையில் தமிழ்ப் பாட்டெல்லாம் இசைத்தட்டிலிருந்துதான் பதிவாகும். கேசட்டைப் பார்த்துக் கேசட்டு போடுவதற்கென்று அண்ணன் பழைய டெக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி மூலையில் வைத்திருந்தார். இங்கிலீஷ் கேசட்டு யார் கேட்கப்போகிறார்கள்? மாதத்துக்கு ஒரு தடவை அதற்கு வேலை வந்தால் பெரிது. பக்கத்துக் கம்பெனியிலிருந்து பறந்து வருகிற களிமண் பொடி அதன்மேல் விரல் வைத்துப் பேர் எழுதுகிற அளவுக்குப் படிந்திருக்கும். அந்த டெக்கில் ஒரிஜினலை ஓடவிட்டுத்தான் புது ஆளைப் பிரதி எடுத்தார்கள். எல்லாருக்கும் பிரதி போட்டு முடித்த கையோடு அது ஒரிஜினல் டேப்பைச் சுருட்டித் தின்றுவிட்டது. அண்ணன் கிழிந்த நாடாவை ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்து காட்டி, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"வுடுப்பா, மெஷினு. அதான் காப்பி இருக்குதே" என்று துபாய் மாமா அவரைத் தேற்றினார்.

அந்த ஞாயிறு எல்லாரும் கூடினார்கள். அம்மா சுண்டல் செய்திருந்தாள். அப்பா பிரதியைப் போட்டார். கிட்டார் வந்தது, டிரம் வந்தது, ஜாடிக்குள்ளிருந்து புது ஆள் பாட ஆரம்பித்தார். கனமான, தூக்கக் கலக்கமான குரல். ஒவ்வொரு வரியையும் மூட்டை தூக்குவதுபோல் தூக்கி வைத்தார்.

பிறகு அப்பா மெதுவாகக் கேட்டார்.

"மாப்ள, இதுவா ஓடுற ரயிலு? இது கூட்ஸ் வண்டி."

லெக்சரர் மாமா சுண்டல் புரையேறச் சிரித்தார். ரெக்கார்டிங் அண்ணனும் சிரித்தார். துபாய் மாமா மட்டும் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது... பாட்டு இதுதான். ஆனா அங்க இப்பிடி இல்ல மாப்ள."

"துபாய்க்குப் போனா பாட்டு மாறிடுமா?"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, டேப்பு இழுக்குதோ என்னமோ?"

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர் செட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. உடனே கேசட்டை மாற்றிப் பழைய ஆளைப் போட்டார். பழைய ஆள் கணீரென்று, சுறுசுறுப்பாகப் பாடினார். "பாத்தியா? செட்டு நல்லாத்தான் ஓடுது. கோளாறு பாடுறவன்கிட்ட" என்றார். அம்மா உள்ளே போய்விட்டாள். அதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும்? செட்டு சரி, பழைய ஆள் சரி. அப்படியானால் புது ஆள்தான் மட்டம். தீர்ப்பு அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது.

லெக்சரர் மாமா அதற்கு விளக்கவுரையும் கொடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க. வெளிநாட்டுல தனியாக் கெடந்தா தகர டப்பாவத் தட்டுனாக்கூட சங்கீதமாத்தான் கேக்கும். அது மனசு பண்ற வேலை."

துபாய் மாமா சிரிக்கப் பார்த்தார். அவர் கையிலிருந்த சுண்டல் கடைசிவரை அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இதுதான் வேடிக்கை. அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பா "கூட்ஸ் வண்டி வந்துடுச்சு, கேட்டப் போடுங்கப்பா" என்பார். கேலிதான், வேறொன்றுமில்லை. சிநேகிதர்களுக்குள் இதைவிட மோசமாகப் பேசிக்கொள்வார்கள். ஆனால் வாரம் போகப் போக அவர் வாதாடுவதை நிறுத்திவிட்டார். ஒரு நாள் அம்மாவிடம் டீ கிளாஸைக் கொடுத்தபோது, "எனக்கே சந்தேகமா இருக்குதும்மா. அங்க நான் என்னத்தக் கேட்டேனோ" என்றார். நான் பென்சில் டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பெரியவர்களுக்கும் இப்படி முகம் சுருங்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

ஆயுத பூஜையன்று கம்பெனியில் சூளையை ஆறவிட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை கொடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் லவுட் ஸ்பீக்கர் கட்டுவார்கள். எந்தப் பாட்டு போடுவது என்பது அப்பாவின் பொறுப்பு. பூஜைக்கு முந்தைய வாரமே துபாய் மாமா கேட்டு வைத்திருந்தார்.

"ஒரே ஒரு பாட்டு போடு மாப்ள. பெரிய ஸ்பீக்கர்ல போட்டா தெரியும். பூஜைக்கு மறுநாள் கெளம்பிடுவேன். ஒரு வாட்டியாவது நீ அத நான் கேட்ட மாதிரி கேக்கணும்."

அப்பா ஒத்துக்கொண்டார். இதுவரை சரி. சாயங்காலம் எல்லாரும் பொரியோடு சூளை முற்றத்தில் நின்றபோது அப்பா மைக்கைப் பிடித்தார். பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற அக்காக்கள், களிமண் மிதிக்கிறவர்கள், லாரிக்காரர்கள் என்று முற்றம் நிறைய ஆட்கள்.

"அடுத்து வருவது, நம்ம துபாய் மாப்ளையோட கூட்ஸ் வண்டி!"

கைதட்டினார்கள். புது ஆள் பாட ஆரம்பித்தார். ஹார்ன் ஸ்பீக்கரில் அந்த இழுவை இன்னும் கோரமாக இருந்தது. கூட்டத்தில் ஒருவர் "யாருண்ணே செத்தது?" என்று கத்தினார். முற்றமே சிரித்தது. வர்ணம் தீட்டுகிற அக்கா ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதுபோல் நடித்தாள். அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். விசில் பறந்தது.

துபாய் மாமாவும் சிரித்தார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு என் கையில் அவர் பங்குப் பொரியைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போய், "நீ சொன்னதுதான் மாப்ள சரி. என் காதுதான் சரியில்ல. போயிட்டு வரேன்" என்றார். அப்பா இன்னும் சிரித்து முடித்திருக்கவில்லை. "வாடா வாடா" என்று கையை ஆட்டினார்.

அதன்பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த லீவில் எங்கள் ஜங்ஷனில் இறங்காமல் உளுந்தூர்பேட்டை வழியாக ஊருக்குப் போனார் என்று யாரோ சொன்னார்கள். அதற்கடுத்த லீவிலும் அப்படியே. அப்பாவுக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் "ஒரு கேலி தாங்க மாட்டானா? அவனே வரட்டும்" என்றார். ஜங்ஷனிலிருந்து மங்கலம்பேட்டைக்குப் பஸ்ஸில் எவ்வளவு நேரமாகிவிடும்? அந்தத் தூரத்தை நாற்பது வருடம் இரண்டு பேருமே கடக்கவில்லை. லெக்சரர் மாமா மாற்றலாகிப் போனார். டேப் ரெக்கார்டர் பழைய சாமான்காரரிடம் போயிற்று. ஜாடியில் அம்மா கல் உப்பு போட்டு வைத்தாள். அம்மா போனபிறகும் அதில் உப்புதான் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் துபாய் மாமா இறந்த செய்தி வந்தது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பி வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

இதையெல்லாம் மனசில் வைத்துக்கொண்டுதான் நான் அந்த ஞாயிறு மாவுக் கையோடு நின்றேன். என் மகன் வாதத்தை ஜெயிக்க வேண்டி போனிலிருந்து ஒரு பாட்டை ஸ்பீக்கரில் போட்டான். அந்தக் கிட்டாரை எனக்குத் தெரியும். ஆனால் அது பாய்ந்து ஓடியது. அதன்மேல் ஓர் இளமையான, துள்ளலான குரல்.

"டேய், வேகத்தக் கூட்டி வச்சிருக்கியா?"

"இல்லம்மா. ஒரிஜினலே இப்பிடித்தான்."

"பாடுறது யாரு?"

"ரெண்டாவது ஆளு."

அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்து உட்கார வைத்தேன். பாட்டைக் கேட்ட அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் தானாகத் தாளம் போட்டது. "நல்லாருக்கே. யாரு இது?" என்றார்.

"உங்க புது ஆளுதாம்பா."

"போம்மா. அவன் பாட்ட எனக்குத் தெரியாதா?"

மகனிடம் பாட்டை மெதுவாக ஓட்டிக் காட்டச் சொன்னேன். அவன் என்னமோ தேடித் தடவி, குரலும் சேர்ந்து கனக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். ஓர் இடத்தில் அப்பா கையைத் தூக்கினார்.

"ஆங். இதான். கூட்ஸ் வண்டி."

சொன்னபிறகுதான் அவருக்கே அது உறைத்தது. பையன்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. "மறுபடி வேகமா ஓட்டு" என்றார். கேட்டார். பிறகு எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார். சாயங்காலம் டீ கொண்டுபோனபோது, "உங்கம்மா அன்னைக்கே சொன்னா" என்றார். அவ்வளவுதான்.

ரெக்கார்டிங் அண்ணன் இப்போது அதே இடத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். மறுநாள் போய்க் கேட்டேன். "அந்த மூலை டெக்கா? அதுல பெல்ட்டு தளர்ந்து போயிருந்துச்சும்மா. வழுக்கி வழுக்கி மெதுவாத்தான் ஓடும். அதனாலதான டேப்பையே தின்னுச்சு. அப்பறம் கழட்டிப் பாத்தப்பதான் தெரிஞ்சுது" என்று சாதாரணமாகச் சொன்னார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "எதுக்கும்மா இப்ப?" என்று கேட்டார். சரியாக ஓடாத மெஷினில் எடுத்த பிரதியை வைத்து ஒரு மனிதரின் காதைப் பறித்துவிட்டோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "சும்மாத்தாண்ணே" என்று வந்துவிட்டேன். எனக்கு அப்போது வந்த கோபம் யார்மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் இதைச் சொன்னதும் அப்பாதான் மங்கலம்பேட்டைக்குப் போகவேண்டும் என்றார். ஆட்டோ வைத்துக்கொண்டு போனோம். துபாய் மாமாவின் மனைவி எங்களைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "வாங்கண்ணே, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றார். அதில் குத்தல் இல்லை. அதுதான் எங்களுக்குக் குத்தியது. டீயும் பிஸ்கட்டும் வைத்தார். அப்பா டீ கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டார். நான்தான், "மாமி, மாமாவுக்குப் புடிச்ச ஒரு பாட்டு இருந்துச்சு" என்று ஆரம்பித்தேன்.

"பாட்டா? அவருக்குப் பாட்டே ஆகாதும்மா. புள்ளைங்க எதையாச்சும் போட்டுட்டு நல்லாருக்கான்னு கேட்டா, 'எங்கிட்ட கேக்காதீங்க, எனக்குப் பாட்டு கேக்கத் தெரியாது'ன்னு எழுந்து போயிடுவாரு. கடைசி வரைக்கும் அதத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாரு."

அப்பா வாய்வரை கொண்டுபோன டீ கிளாஸைக் குடிக்காமலே இறக்கினார். அதை வாங்கிக் கீழே வைத்தேன்.

மாமியின் அனுமதி கேட்டுக்கொண்டு, போனில் மெதுவாகப் பாட்டைப் போட்டேன். முதலில் மாமி மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். புது ஆள் இரண்டாவது தடவை அந்த மெட்டுக்குத் திரும்பி வந்தபோது நிமிர்ந்து பார்த்தார்.

"இது அவரு குளிக்கும்போது முனகுறது."

நான் போனை மாமி பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

"ஆமா, இதேதான். கதவு சாத்தியிருந்தாத்தான் முனகுவாரு. வெளிய வந்து என்னா பாட்டுன்னு கேட்டா ஒண்ணுமில்லம்பாரு. நான் ஏதோ அரபிப் பாட்டுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்பா முன்னால் குனிந்தார். "இதே வேகத்துலயா முனகுவான்?"

இதென்ன கேள்வி என்பதுபோல் மாமி என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "இப்பிடியேதாண்ணே. ஓடுற மாதிரி."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். மாமி முக்காட்டு நுனியால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் அழுவதைப் பார்த்து நான் பாட்டை அணைக்கப் போனேன். அப்பாவின் கை வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"நிறுத்தாதம்மா. இந்த வாட்டி முழுசா ஓடட்டும்."